1080பி50 நேரலைக்கு நான்கு சேனல் எஸ்டிஐ கார்டு: தாமதத்தைத் தேடிப் பிடித்துக் குறைக்கும் செய்முறை

மேடையில் பேசுபவரின் உதடும், பின்னால் இருக்கும் எல்இடி திரையில் அதே உதடும் ஒரே பார்வைக்குள் விழும் நிகழ்ச்சிகளில் தாமதத்தை மறைக்க வழியே கிடையாது. இணைய நேரலை பல விநாடி பிந்தி ஓடினாலும் வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியாது, ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் மேடை இல்லை. அரங்கத்தில் இருப்பவருக்கு இருக்கிறது. திரை நான்கைந்து ஃப்ரேம் (வீடியோவின் ஒரு தனிப்படம்) பிந்தினாலே கண் உறுத்த ஆரம்பிக்கும்.

இந்தப் பதிவில் உள்ள அமைப்பு இது: மூன்று கேமரா உள்ளே, ஒரு புரோகிராம் (திரைக்குப் போகும் இறுதிப் படம்) வெளியே, நடுவில் ஒரு விண்டோஸ் கணினி, அதில் படங்களைக் கலந்து தரும் ஓபிஎஸ் மென்பொருள். கார்டு பிளாக்மேஜிக் டெக்லிங்க் டுவோ 2. அதில் நான்கு 3ஜி எஸ்டிஐ (படத்தைச் சுருக்காமல் ஒரே கம்பியில் கொண்டுபோகும் இணைப்பு) சேனல்கள், ஒவ்வொன்றையும் உள்ளீடாகவோ வெளியீடாகவோ வைத்துக்கொள்ளலாம், தனியாகப் பொதுத் தாளச் சிக்னலுக்கான ரெஃபரன்ஸ் உள்ளீடும் உண்டு. எல்லாமே 1080பி50, அதாவது 1080 வரி, விநாடிக்கு 50 முழு ஃப்ரேம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் நாட்டில் 59.94 பக்கம் போக வேண்டாம். அரங்க விளக்குகளில் பாதி, மின்சாரத்தோடு சேர்ந்து துடிப்பவை. படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விலை அதிகமான கார்டு போட்டால் தாமதம் தானாகக் குறையும் என்று நினைத்துப் பணம் செலவழிப்பவர்கள் நிறைய. கார்டுக்குள் உண்டாகும் தாமதம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மென்பொருளில், டிரைவரில், திரையின் புராசஸரில் (வரும் படத்தை எல்இடி திரைக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) நாம் விட்டுவைத்திருக்கும் வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் படம் நின்று காத்திருக்கிறது. எந்த வரிசையில் எத்தனை ஃப்ரேம் நிற்கிறது என்று தெரிந்தால்தான் குறைக்க முடியும்.

கணக்கு

1080பி50-இல் ஒரு ஃப்ரேம் 20 மில்லிவிநாடி. எஸ்டிஐ கம்பியில் தெரியும் 1080 வரிகளோடு தெரியாத வரிகளையும் சேர்த்து 1125 வரி ஓடுகிறது, ஆக ஒரு வரிக்கு 17.8 மைக்ரோவிநாடி. சாதாரணக் கேப்சரில் கடைசி வரி வந்து சேர்ந்த பிறகுதான் கார்டு ‘ஃப்ரேம் தயார்’ என்று மென்பொருளைக் கூப்பிடும். அங்கேயே 20 போயிற்று. மேஜ்வெல் புரோ கேப்சர் போன்ற சில கார்டுகளில், ஃப்ரேம் முடியும் வரை காத்திராமல் சில வரிகள் வந்தவுடனே எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. 64 வரி என்றால் 1.14 மில்லிவிநாடிதான். ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த மென்பொருள் வேண்டும். ஓபிஎஸ் போல ஃப்ரேம் ஃப்ரேமாக வேலை செய்யும் மென்பொருளுக்கு அதனால் லாபம் இல்லை.

அடுத்து ஓபிஎஸ். அது 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படத்தைக் கோக்கிறது. கேமரா ஃப்ரேம் வந்த நேரம் அந்தத் தாளத்தில் எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து 0 முதல் 20 வரை காத்திருப்பு, சராசரியாக 10. பஸ் கிளம்பிய மறுநொடி நிறுத்தத்துக்கு வந்தவரின் கதைதான். கோத்த படத்தை கிராபிக்ஸ் கார்டிலிருந்து திரும்ப எடுக்க ஒரு ஃப்ரேம் வரை ஆகும். வெளியீட்டு வரிசையில் மூன்று ஃப்ரேம் சேர்த்துவைத்து ஓட்டினால் 60. ஆகக் கணினிக்குள் மட்டும் 20 + 10 + 20 + 60, மொத்தம் 110 மில்லிவிநாடி. கேமராவின் உள் செயலாக்கம் ஒன்று இரண்டு ஃப்ரேம், எல்இடி புராசஸர் இன்னும் ஒன்று இரண்டு. எல்லாம் சேர்ந்து 150-ஐத் தாண்டுவது இப்படித்தான்.

இந்தப் பட்டியலில் பெரிய துண்டு எது என்று பாருங்கள். வெளியீட்டு வரிசை. கை வைக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

ஸ்லாட்

கார்டை மதர்போர்டில் செருகும் பிசிஐஇ ஸ்லாட் விஷயத்தில் சறுக்கினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். டுவோ 2-க்கு இரண்டாம் தலைமுறை பிசிஐஇ, நான்கு லேன் (தரவு ஓடும் தடம்). ஒரு லேனுக்கு விநாடிக்கு 500 மெகாபைட், நான்குக்கு 2 ஜிகாபைட். நமக்குத் தேவை எவ்வளவு? 8 பிட் 4:2:2-இல் (நிறத் தகவலைப் பாதியாக்கி வைக்கும் முறை) ஒரு ஃப்ரேம் 41,47,200 பைட், விநாடிக்கு 207 மெகாபைட். 10 பிட்டில் வரிக்கு 5120 பைட், ஃப்ரேமுக்கு 55,29,600 பைட், விநாடிக்கு 276 மெகாபைட். நான்கு சேனலும் 10 பிட்டில் ஓடினால் 1106 மெகாபைட். நான்கு லேனில் தாராளமாகப் போகும். ஒரே லேனில் சத்தியமாகப் போகாது. யூஎஸ்பி 2.0 கேப்சர் குச்சிகளில் எம்ஜேபெக் சுருக்கம் ஏன் நுழைகிறது என்பதற்கும் இதே கணக்குதான் விடை. அந்தக் கம்பியின் மொத்தக் கொள்ளளவே விநாடிக்கு 480 மெகாபிட். சுருக்காத ஒரு சேனலுக்கே 1660 மெகாபிட் வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மதர்போர்டில் நீளமாகத் தெரியும் ஸ்லாட் எல்லாம் உள்ளே நீளமானவை அல்ல. 16 லேன் நீளத்தில் இருக்கும் கீழ் ஸ்லாட்டில் பல போர்டுகளில் நான்கு லேன்தான் இணைந்திருக்கும். பக்கத்து எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி செருகினால் அது இரண்டாகவோ ஒன்றாகவோ சுருங்கிவிடும் போர்டுகளும் உண்டு. கையேட்டில் லேன் பங்கீட்டு அட்டவணை இருக்கும். அதைப் படித்துவிட்டே போர்டு வாங்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு எட்டு, கேப்சர் கார்டுக்கு எட்டு என்று பிராசசர் லேனையே பிரித்துக் கொடுக்கும் போர்டு கிடைத்தால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிக் கிடைக்காமல் சிப்செட் வழியாகப் போகும் ஸ்லாட்டில்தான் போட வேண்டியிருந்தால், அதே சிப்செட் இணைப்பில் சாட்டா, யூஎஸ்பி, நெட்வொர்க், இரண்டாவது எம்.2 எல்லாம் தொங்குகின்றன என்பது நினைவில் இருக்கட்டும். ரெக்கார்டிங் போகும் எஸ்எஸ்டியைப் பிராசசரோடு நேரடியாக இணைந்த எம்.2 இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். ‘ரெக்கார்ட் அழுத்தினால் மட்டும் படம் துள்ளுகிறது’ என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கார்டைப் போட்டதும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, பஸ் பகுதியில் கார்டைத் தேடி, இப்போதைய லிங்க் அகலமும் அதிகபட்ச அகலமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கு வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்தால் கார்டைக் கழற்றி, தங்க விரல்களை (ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறத் தொடுமுனைகள்) ஐசோபிரப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மீண்டும் செருகுங்கள். பட்டை சரியாக உட்காராமல் கார்டு ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பதும் இதற்கு வழக்கமான காரணம். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டில் இதே இரண்டு எண்களும் இருக்கும்.

கார்டின் மேல் ஒரு சின்ன ஹீட்சிங்க் மட்டும்தான். கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்கு நேர் கீழே மாட்டினால் அதன் வெந்த காற்று முழுதும் இதன் மேல். நடுவில் ஒரு ஸ்லாட் இடைவெளி விட்டு, 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து ஊதும்படி வைத்தால் போதும். மூடிய ரேக்கில் வெயில் காலத்துத் திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் இதை விட்டுவிட முடியாது.

பயாஸிலும் விண்டோஸிலும்

கேப்சர் கார்டிலுள்ள உள் நினைவகம் சிறியது. கணினி பக்கம் தரவை வாங்கிக்கொள்ளத் தாமதித்தால் அது நிரம்பி ஃப்ரேம் விழும். அந்தத் தாமதத்தை உண்டாக்குபவை பெரும்பாலும் மின்சாரச் சிக்கன வசதிகள். பயாஸில் ஏஎஸ்பிஎம்-ஐ (பிசிஐஇ இணைப்பின் மின்சிக்கனம்) அணைக்க வேண்டும், பிராசசரின் ஆழ்ந்த சி-ஸ்டேட்களையும் (தூக்க நிலைகள்) அணைக்க வேண்டும். விண்டோஸ் பவர் பிளானில் ஹை பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் ஆஃப்.

பிறகு லேட்டன்சிமான் என்ற கருவியை அரை மணி நேரம் ஓட விட்டு, எந்த டிரைவர் பிராசசரை நீண்ட நேரம் பிடித்துவைக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வைஃபை டிரைவர்தான் மாட்டும். நேரலைக் கணினிக்கு வைஃபை தேவையில்லை, டிவைஸ் மேனேஜரிலேயே முடக்கிவிடலாம்.

பிளாக்மேஜிக்கின் டெஸ்க்டாப் வீடியோ டிரைவர் போடும்போது கார்டின் ஃபர்ம்வேரையும் (கார்டுக்குள் இருக்கும் நிரல்) புதுப்பிக்கச் சொல்லும். புதுப்பித்த பின் ரீஸ்டார்ட் மட்டும் போதாது. கணினியை முழுதாக அணைத்து, பவர் சப்ளை பின்பக்க சுவிட்சையும் தட்டி, சில விநாடி கழித்துத்தான் போட வேண்டும். கார்டிலுள்ள எஃப்பிஜிஏ என்ற சிப், மின்சாரம் வரும் நேரத்தில்தான் புதிய நிரலை ஏற்றிக்கொள்ளும்.

இதே டிரைவரின் அமைப்புத் திரையில் எந்த முனை எந்தச் சேனல் என்பதை நாமே வகுக்க வேண்டும். மென்பொருள் காட்டும் சேனல் எண்ணும் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு கேமராவை மட்டும் ஒவ்வொரு முனையாக மாற்றிச் செருகி, திரையில் எது விழிக்கிறதோ அதைக் கேபிள் முனையில் லேபிள் ஒட்டிக் குறித்துவிடுங்கள். நிகழ்ச்சி நடுவே இருட்டில் தடவுவதற்கு இந்தக் கால் மணி நேரம் எவ்வளவோ மேல்.

கேபிள்

நான்கு சேனலுக்கும் ரெஃபரன்ஸுக்கும் முழு அளவு பிஎன்சி (எஸ்டிஐ கேபிளின் வழக்கமான, திருகிப் பூட்டும் இணைப்பி) வைக்க ஒரு கார்டின் பின்பட்டையில் இடம் போதாது. அதனால் சிறிய இணைப்பிகள், அவற்றிலிருந்து பிஎன்சிக்கு மாற்றும் குட்டிக் கேபிள்கள். இந்தச் சிறிய இணைப்பிகளில் ஒன்றுக்கொன்று பொருந்தாத வகைகள் உண்டு. டின் 1.0/2.3 ஒரு வகை, மைக்ரோ பிஎன்சி இன்னொரு வகை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் குட்டிக் கேபிள் வாங்க வேண்டும். அவை மெல்லிய கம்பிகள், ஒரு மீட்டருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். கணினிப் பெட்டியின் பின்புறம் ஒரு பிஎன்சி பட்டை வைத்து அதில் பூட்டிவிட்டால், யாராவது காலால் கேபிளை இழுத்தாலும் கார்டுக்கு அடி விழாது.

3ஜி எஸ்டிஐ விநாடிக்கு 2.97 ஜிகாபிட். நல்ல ஆர்ஜி-6 வகைக் கேபிளில் 70 மீட்டர் வரை கவலையில்லை. சிசிடிவிக்கென்று விற்கும் மலிவுக் கேபிளில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு, மேல் வலை அலுமினியம். 1080ஐ50-க்கு (ஃப்ரேமைப் பாதிப் பாதி வரிகளாக அனுப்பும் இன்டர்லேஸ் முறை) 1.485 ஜிகாபிட்தான் என்பதால் அதில் ஓடிய கேபிள் 1080பி50-இல் படமெங்கும் பொறி போலப் புள்ளிகள் பறக்க விடும். ‘நேற்று வரை சரியாக இருந்தது, ஃபார்மட் மாற்றியதும் போயிற்று’ என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

ரேடியோக்காரர்களின் 50 ஓம் பிஎன்சியும் எஸ்டிஐக்கு உரிய 75 ஓம் பிஎன்சியும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், அதுதான் ஆபத்து. முனையை நேராகப் பார்த்தால் தெரியும்: 50 ஓம் வகையில் நடு ஊசியைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் நிறைந்திருக்கும், 75 ஓம் வகையில் அந்த இடம் பெரும்பாலும் காலி.

3ஜியில் லெவல் ஏ, லெவல் பி என்று இரண்டு அடுக்குமுறை இருக்கிறது. கார்டு லெவல் பி அனுப்ப, எல்இடி புராசஸர் லெவல் ஏ மட்டும் புரிந்துகொள்வதாக இருந்தால் திரை கறுப்பாகவே கிடக்கும். டிரைவர் அமைப்பில் லெவல் ஏ தேர்வு செய்துவிடுங்கள். வெளியீடு நின்றால் கறுப்பா, கடைசி ஃப்ரேமா என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். மேடைத் திரைக்குக் கடைசி ஃப்ரேம்தான் நல்லது.

கடிகாரம்

தாமதத்தைக் குறைத்தால் மட்டும் போதாது, குறைத்த அளவு அப்படியே நிற்கவும் வேண்டும். அதைக் கெடுப்பது கடிகாரங்களின் வேற்றுமை.

கேமராவுக்கு ஒரு கிரிஸ்டல், கார்டுக்கு ஒரு கிரிஸ்டல், கணினிக்கு இன்னொன்று. எல்லாம் 50 என்றுதான் சொல்லும், ஆனால் எதுவும் துல்லியமாக 50 அல்ல. இவற்றில் ஏதாவது இரண்டுக்கு நடுவே பத்து லட்சத்தில் 10 பங்கு வித்தியாசம் இருந்தால் ஒரு லட்சம் ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேம் கூடும் அல்லது குறையும். ஒரு லட்சம் ஃப்ரேம் என்பது 2000 விநாடி, அதாவது 33 நிமிடம் 20 விநாடி. வித்தியாசம் 20 பங்கானால் 16 நிமிடம் 40 விநாடிக்கு ஒருமுறை. கச்சேரி தொடங்கும்போது சரியாக இருந்த உதடு ஒத்திசைவு முக்கால் மணி நேரத்தில் தளர்ந்து, திடீரென்று ஒரு துள்ளலோடு சரியாகி, மறுபடி தளரும். கேபிளையும் மென்பொருளையும் மாற்றிப் பார்த்து அலைவார்கள், காரணம் இது.

தீர்வு ஜென்லாக், அதாவது எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் பூட்டுவது. ஒரு சிங்க் ஜெனரேட்டரிலிருந்து பிளாக் பர்ஸ்ட் அல்லது ட்ரை-லெவல் என்ற தாளச் சிக்னல் எல்லாக் கேமராவுக்கும் கார்டின் ரெஃபரன்ஸ் முனைக்கும் போக வேண்டும். ஒரே கேபிளில் டி இணைப்பிகளால் தொடராகக் கொண்டுபோனால் கடைசி முனையில் மட்டும் 75 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் முடித்துவைக்கும் மின்தடை). நடுவில் எங்காவது இன்னொரு டெர்மினேஷன் சேர்ந்தால் சிக்னல் உயரம் மூன்றில் இரண்டாகக் குறையும்; சில கருவிகள் பூட்டிக்கொள்ளும், சில விட்டு விட்டுப் பூட்டும். ஒவ்வொரு கருவியிலும் டெர்மினேஷன் உள்ளேயே இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு இணைப்பது முறை.

ஹெச்டிஎம்ஐ மட்டும் உள்ள கேமராக்களுக்கு ஜென்லாக் கிடையாது. அவற்றுக்கு ஹெச்டிஎம்ஐ-எஸ்டிஐ மாற்றி போடும்போது அளவு மாற்றும் வசதி இல்லாத எளிய மாற்றியாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேலர் உள்ள மாற்றி ஒரு ஃப்ரேமாவது பிடித்துவைக்கும். எளிய மாற்றியில் அந்தக் காத்திருப்பு இல்லை. கேமரா மெனுவில் வெளியீட்டை 50பி என்று கட்டாயப்படுத்துங்கள். தானாகத் தேர்வு செய்ய விட்டால் 59.94-க்குத் தாவும் கேமராக்கள் உண்டு. அப்போது விநாடிக்குக் கிட்டத்தட்ட 10 ஃப்ரேம் தூக்கியெறியப்பட்டு நகர்வு தத்தித் தத்திப் போகும்.

ஜென்லாக் போட்ட பிறகும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. ஓபிஎஸ் தன் தாளத்தைக் கணினியின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது, கார்டிலிருந்து அல்ல. ஆகவே உள்ளீடும் வெளியீடும் பூட்டியிருந்தாலும் நடுவிலுள்ளவர் தனித் தாளத்தில் நடக்கிறார். எப்போதாவது ஒரு ஃப்ரேம் இரட்டிக்கும் அல்லது விழும். சுவீடன் பொதுத்துறைத் தொலைக்காட்சியான எஸ்விடி உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்ட காஸ்பர்சிஜி என்ற கிராபிக்ஸ் மென்பொருள் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. அதில் டெக்லிங்க் வெளியீடு இருந்தால் அந்தச் சேனலே கார்டின் தாளத்தில் ஓடும். மணிக்கணக்கில் ஒரு துள்ளலும் கூடாது என்கிற வேலைக்கு அதுதான் பொருத்தம். ஓரிரு மணி நேர மேடை நிகழ்ச்சிக்கு ஓபிஎஸ் போதும்.

மென்பொருளில் வரிசைகளைக் குறைத்தல்

ஓபிஎஸ்ஸில் டெக்லிங்க் சோர்ஸைத் திறந்தால் பஃபரிங் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். பஃபரிங் இருந்தால் ஃப்ரேம்களை நேரமுத்திரைப்படி அடுக்கிச் சீராக விடும். இல்லையென்றால் கையில் உள்ள புதிய ஃப்ரேமைக் காட்டும். மேடைத் திரைக்கு இரண்டாவதுதான் வேண்டும். ‘காட்டாதபோது முடக்கு’ என்ற தேர்வையும் எடுத்துவிடுங்கள், இல்லையேல் கேமரா மாற்றும்போதெல்லாம் கார்டு புதிதாக விழித்து ஒரு கணம் கறுப்பு வரும்.

உள்ளீட்டு மோடைத் தானியங்கியில் வைக்காமல் 1080பி50 என்று நிலையாக வையுங்கள். தானியங்கியில் கேபிள் ஒரு கணம் ஆடினாலும் கார்டு ஃபார்மட்டை மறுபடி தேடத் தொடங்கும், அந்தத் தேடலில் படம் இன்னும் கூடுதல் நேரம் காணாமல் போகும். பிக்சல் ஃபார்மட் 8 பிட் 4:2:2 போதும். ஆர்ஜிபி ஏ வகைக்குப் போனால் ஃப்ரேம் அளவு இரட்டிக்கிறது, மேடைத் திரையில் அதற்கு ஈடாக எதுவும் தெரியாது. திட்டத்தின் ஃப்ரேம் வேகம் சரியாக 50, நிறவெளி 709, வீச்சு லிமிடெட், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். 44.1 இருந்தால் உள்ளே மறுமாதிரியாக்கம் புகுந்துவிடும். 1080பி50-இல் ஒரு ஃப்ரேமுக்கு 960 ஒலி மாதிரி என்று முழு எண்ணாக வருவது 48-இல்தான்.

சில கேமராக்கள் 25பி படத்தை 1080ஐ50 என்ற உறையில் அனுப்பும். ஓபிஎஸ் அதை இன்டர்லேஸ் என்று நினைத்து டிஇன்டர்லேஸ் (பாதிப் படங்களை முழுப் படமாக்குவது) செய்தால் கூர்மையும் போகும், நேரமும் போகும். சோர்ஸின் டிஇன்டர்லேஸிங் மெனுவில் முடக்கு என்று வைத்தால் சரி. உண்மையான 1080ஐ50 கேமரா என்றால் டிஇன்டர்லேஸிங் கட்டாயம், அதற்குரிய தாமதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். முடிந்தால் கேமராவையே 50பிக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

காஸ்பர்சிஜியில் இதே வேலை அமைப்புக் கோப்பில் நடக்கிறது. 2.3 பதிப்பில் டெக்லிங்க் வெளியீட்டின் பஃபர் ஆழம் இயல்பாக 3. லேட்டன்சி வரியில் ‘லோ’ என்று போடாவிட்டால் அதோடு ஒன்று கூடும். உட்பொதிந்த ஒலியை இயக்கினால் இன்னொன்று. ஆக 5 ஃப்ரேம், 100 மில்லிவிநாடி. லோ வைத்து, ஒலியை ஒலி மிக்சரிலிருந்து தனியாகக் கொண்டுபோனால் 3 ஃப்ரேம், 60. பஃபர் ஆழத்தை மேலும் இறக்கலாம், ஆனால் ஒவ்வொரு படி இறக்கும்போதும் முழு கிராபிக்ஸ் சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டி, தாமதமாகக் காட்டப்பட்ட ஃப்ரேம், விழுந்த ஃப்ரேம் என்று பதிவேட்டில் வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படி. தானே நிரல் எழுதுபவர்களுக்கு பிளாக்மேஜிக் எஸ்டிகே-வில் (நிரல் எழுதுவோருக்கான தொகுப்பு) இன்புட் லூப்த்ரூ என்ற மாதிரி நிரல் இருக்கிறது. உள்ளீட்டை அப்படியே வெளியீட்டுக்கு அனுப்பி ஒவ்வொரு கட்டத்தின் தாமதத்தையும் அச்சிடும். அந்தக் கணினியில் எட்டக்கூடிய அடிமட்டம் எது என்று அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

அளவிடுதல்

கண்ணால் பார்த்துத் தாமதத்தை மதிப்பிடுவது நம்பத்தக்கதல்ல. குறைந்தபட்சம் விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கும் கைப்பேசியாவது வேண்டும். கேமரா முன் ஒரு எல்இடி விளக்கு, அதே கைப்பேசிப் படத்தில் திரையும் விழும்படி நின்று, விளக்கு எரிந்த ஃப்ரேமிலிருந்து திரையில் எரிந்த ஃப்ரேம் வரை எண்ணினால் ஒவ்வொன்றும் 4.2 மில்லிவிநாடி.

இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் பிபிடபிள்யூ34 ஃபோட்டோடயோடு (ஒளி உணரி) இரண்டு, 10 கிலோ ஓம் மின்தடை இரண்டு, விளக்கை எரித்து அணைக்க ஒரு ஆர்டுயினோ நேனோ பலகை, ஒரு வெள்ளை எல்இடி, அதற்கு 220 ஓம் மின்தடை, இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப். ஃபோட்டோடயோடின் கேத்தோடு 5 வோல்ட்டுக்கு, ஆனோடு மின்தடை வழியாகத் தரைக்கு, மின்தடையின் மேல் ஸ்கோப் முனை. ஒன்றை எல்இடி விளக்கின் அருகிலும் மற்றதைத் திரையில் அந்த விளக்கு தெரியும் இடத்திலும் ஒட்டுங்கள். விளக்கு படத்தின் நடு உயரத்தில் இருக்கட்டும். படம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் 19 மில்லிவிநாடி வித்தியாசம் வரும். ஆகவே எல்லா அளவும் ஒரே உயரத்தில் எடுக்கப்பட வேண்டும்.

விளக்கு 100 மில்லிவிநாடி எரியட்டும், 1007 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. ஏன் 1000 இல்லை? 1000 என்பது 20-இன் மடங்கு. ஒவ்வொரு துடிப்பும் ஃப்ரேமின் ஒரே இடத்தில் விழுந்து, அளவு தற்செயலாக நல்லதாகவோ கெட்டதாகவோ காட்டும். 1007 என்றால் ஒவ்வொரு முறையும் 7 நகர்ந்து, 20 துடிப்பில் ஃப்ரேமின் எல்லா இடத்தையும் தொட்டுவிடும். நேனோவின் கடிகாரம் கொஞ்சம் பிசகும், அதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. அளவுகளின் பரவல் 15-க்கும் குறைவாக வந்தால் மட்டும் எண்ணைச் சற்று மாற்றிப் போடுங்கள்.

முதலில் கேமராவை நேரே எல்இடி புராசஸருக்குக் கொடுத்து அளக்க வேண்டும். பிறகு கணினி வழியாக. இரண்டின் வித்தியாசம்தான் கணினியின் பங்கு. இந்த முதல் அளவை எடுக்காமல் கணினியைத் திட்டுவது பலருக்கும் வழக்கம். நேரடி இணைப்பிலேயே 80 வந்தால் கணினியில் என்ன செய்தும் அதற்குக் கீழே போக முடியாது. அப்போது புராசஸரின் மெனுவைப் பார்க்க வேண்டும். அளவு மாற்றம், பட மேம்பாடு, இரைச்சல் நீக்கம் ஆகியவற்றை அணைத்து, குறைந்த தாமத மோடு இருந்தால் அதைப் போட வேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்: சிறும அளவுக்கும் பெரும அளவுக்கும் இடையே சுமார் 20 இருந்தால் நலம், கேமரா ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்ப்பதால் அது தவிர்க்க முடியாதது. 40 என்றால் எங்கோ ஒரு வரிசை சில நேரம் ஒரு ஃப்ரேமைக் கூடுதலாகப் பிடித்துவைக்கிறது, கேமராவும் ஓபிஎஸ்ஸும் தனித்தனித் தாளத்தில் ஓடுவது பெரும்பாலும் காரணம். சராசரி மெல்ல ஏறி, பிறகு சட்டென்று 20 இறங்கினால் கடிகார வேற்றுமை, ரெஃபரன்ஸ் கேபிளைப் பாருங்கள். ஒரே ஒரு அளவு மட்டும் எகிறினால் விண்டோஸில் ஏதோ குறுக்கிட்டது, மீண்டும் லேட்டன்சிமான்.

கேமரா கணினிக்குள் போகத்தான் வேண்டுமா

இவ்வளவும் செய்தாலும் கேமரா படம் கணினியைக் கடக்க ஐம்பது அறுபது மில்லிவிநாடியாவது எடுக்கும். திரையில் பேச்சாளர் பெயரும் ஒரு சின்னமும் வருவதற்காக மட்டும்தான் கணினி என்றால், கேமராவை அதற்குள் விடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கேமராக்கள் நேரே ஒரு ஹார்டுவேர் ஸ்விட்சருக்குப் போகட்டும். கணினி, கார்டின் இணையான இரண்டு சேனல்களில் ஃபில்லும் (எழுத்தின் படம்) கீயும் (எங்கே எவ்வளவு தெரிய வேண்டும் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) அனுப்பட்டும். ஸ்விட்சரின் டவுன்ஸ்ட்ரீம் கீயர் இரண்டையும் கொண்டு கேமரா படத்தின் மேல் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளும். பெயர்ப்பட்டை 5 ஃப்ரேம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது. உதடு பிந்தினால் எல்லோருக்கும் தெரியும்.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். ஃபில்லும் கீயும் கார்டு ஒன்றாகப் பூட்டித் தரும் ஒரே ஜோடியிலிருந்து வர வேண்டும், தனித்தனிச் சேனலாக விட்டால் ஒரு ஃப்ரேம் விலகி, நகரும் எழுத்தின் பின்னால் நிழல் தெரியும். ஸ்விட்சரில் ப்ரீமல்டிப்ளைடு கீ (ஃபில் ஏற்கெனவே கீயால் பெருக்கப்பட்டு வருகிறது) என்ற தேர்வு மென்பொருள் அனுப்புவதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எழுத்தின் ஓரத்தில் கறுப்புக் கரை கட்டும், அல்லது மென்மையான நிழல் வெளுத்துப் போகும்.

ஒலி

அரங்க ஒலிபெருக்கிக்குப் போகும் ஒலியைப் படத்துக்காகப் பிந்த வைக்கக் கூடாது, பாடுபவரும் வாசிப்பவரும் தடுமாறுவார்கள். ஆனால் அதே நிகழ்ச்சியின் பதிவுக்கும் நேரலைக்கும் போகும் ஒலியைப் படத்தின் மொத்தத் தாமதம் அளவுக்குப் பிந்த வைத்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரை, ஒலி முந்தினால் 40 மில்லிவிநாடி, பிந்தினால் 60 என்று எல்லை வைக்கிறது. முந்தும் ஒலிதான் மனிதருக்குச் சீக்கிரம் உறுத்தும், இயற்கையில் அப்படி நடப்பதில்லை. ஸ்கோப்பில் வந்த சராசரியிலிருந்து திரைப் பக்கத்தின் பங்கைக் கழித்து, மீதியை ஓபிஎஸ்ஸின் ஒலி சோர்ஸில் சிங்க் ஆஃப்செட்டாகக் கொடுங்கள்.

இன்னொன்று அரங்கத்துக்கே உரியது. ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. மேடை ஒலிபெருக்கியிலிருந்து 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒலியே 58 மில்லிவிநாடி பிந்தித்தான் எட்டும், ஆகவே மூன்று ஃப்ரேம் பிந்திய திரை அவருக்குக் கிட்டத்தட்டச் சரியாகப் படும். முன்வரிசைக்குத்தான் சோதனை. திரையின் உதடு ஒத்திசைவைக் கடைசி வரிசையில் நின்று சரிபார்த்தால் தவறான முடிவு கிடைக்கும். ஒத்திகையின்போது மேடையிலிருந்து 3 மீட்டரில் நின்று பார்க்க வேண்டும்.